சம்பளம் போதாதவர்களுக்கான சேவை: யூனிவர்சல் கிரெடிட் எப்படி இருக்கிறது?

பிரிட்டனில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றுவரும் அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டை நலத்திட்டம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். பயன்படுத்துகிறவரின் கைக்கு அது ஓர் இணையச் சேவையாகவே வந்து சேர்கிறது. ஒரு கணக்கு, கடவுச்சொல், செய்து முடிக்க வேண்டியவற்றின் பட்டியல், அலுவலகத்துடன் எழுத்தில் பேசிக்கொள்ள ‘ஜர்னல்’ என்ற பக்கம், மாதத்துக்கு ஒரு கணக்கு அறிக்கை. ஆகவே வங்கிச் சேவையையோ காப்பீட்டையோ எடைபோடுவதைப் போலவே, சொன்னதைச் செய்கிறதா, யாருக்குப் பயன்படுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று இதையும் எடைபோடலாம். இதைப் பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பவர். இந்த மதிப்பீடு அவர்களைப் பற்றியது. உடல்நலம் குன்றியோருக்கும் வேலையே இல்லாதோருக்கும் இச்சேவை எப்படி இருக்கிறது என்பது வேறு கதை. அதை இங்கே கலக்கவில்லை. குறிப்பிடும் தொகைகள் எல்லாம் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை.

உலகின் பெரிய பொருளாதாரங்களுள் ஒன்றில், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு எதற்காக அரசு பணம் தர வேண்டியிருக்கிறது? மணிக்கூலி குறைவு என்பது பாதி விடைதான். 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் 12.21 பவுண்டுக்கு உயர்ந்துவிட்டது. மணிக்கணக்கில் மிகக் குறைந்த கூலி வாங்குவோரின் பங்கும் நன்றாகவே குறைந்திருக்கிறது. அப்படியிருந்தும், வறுமையில் வளரும் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர் வீட்டில் ஒருவராவது வேலை செய்கிறார். காரணம், கூலி உயர்ந்த அளவுக்கு வேலை நேரம் உறுதிப்படவில்லை. ஏறத்தாழ 10 லட்சம் பேர் ‘ஜீரோ அவர்ஸ்’ எனப்படும், ஒரு மணி நேர வேலையைக்கூட உறுதிசெய்யாத ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் இல்லாத பலருக்கும் வாரம் 16 அல்லது 20 மணி நேரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மீதியைக் கடையின் கூட்டத்துக்கு ஏற்ப அவ்வப்போது சேர்ப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்க்கும் உண்மை ஊதியம் பல ஆண்டுகள் தேங்கிக் கிடக்க, வாடகை மட்டும் தேங்காமல் ஏறியது. இந்த இடைவெளியை நிரப்புவதே யூனிவர்சல் கிரெடிட்டின் பணிகளுள் ஒன்று.

2012இல் சட்டமாகி, 2013 ஏப்ரலில் மான்செஸ்டரை ஒட்டியுள்ள ஆஷ்டன்-அண்டர்-லைன் நகரில் முதலில் தொடங்கப்பட்டது. அதுவரை தனித்தனியாக இருந்த வேலையில்லாதோர் படி, வாடகை உதவி, குழந்தைகளுக்கான வரிச்சலுகை (பெயர் அப்படி, வருவது பணம்) உள்ளிட்ட ஆறு உதவிகளை ஒன்றாக்கியது. 2017க்குள் எல்லோரையும் மாற்றிவிடுவதாகச் சொன்னார்கள். பல ஆண்டுகள் இழுத்தது. அரசின் பெரிய கணினித் திட்டங்களில் இது புதிதல்ல, விட்டுவிடலாம்.

முதலில் நிறைகள், ஏனெனில் அவை உண்மையானவை. பழைய முறையில் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒருவர் வாரம் 16 மணி நேரம் வேலை செய்தால்தான் உழைப்பாளர் வரிச்சலுகை கிடைக்கும். 15 மணி நேரமென்றால் ஒன்றுமில்லை. ஆகவே 16ஐத் தொட்டவர் அதற்கு மேல் போகத் தயங்கினார். முதலாளிகளும் 16 மணி நேர வேலைகளையே விளம்பரம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் அந்தச் செங்குத்துப் பள்ளம் கிடையாது. ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் உதவி படிப்படியாகக் குறையுமே தவிர, ஒரேயடியாக அறுந்துவிடாது. இன்னொன்று, 2003இல் வந்த வரிச்சலுகை முறை ஆண்டு வருமானத்தை முன்கூட்டியே ஊகித்துப் பணம் கொடுத்தது. வருமானம் ஏறியவர்களிடம் அடுத்த ஆண்டு திரும்பக் கேட்டது. முதல் ஆண்டிலேயே அப்படிக் கூடுதலாகப் போன தொகை ஏறக்குறைய 200 கோடி பவுண்டு. செலவழித்து முடித்த பணத்துக்குக் கடன் கடிதம் வந்த குடும்பங்கள் அதை இன்றும் மறக்கவில்லை. இப்போது முதலாளி சம்பளம் போடும் நாளிலோ அதற்கு முன்போ வரித்துறைக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். அந்த எண் நேரே யூனிவர்சல் கிரெடிட் கணக்குக்குள் வந்து விழுகிறது. மாதாமாதம் மாறும் சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் ஏற வேண்டியதில்லை. வேலை நேரம் நிலையில்லாதவருக்கு இது சிறிய வசதியல்ல. கணக்குப் போடும் எந்திரம் என்ற அளவில் இச்சேவைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கத் தயங்கமாட்டேன்.

இனி அந்த எந்திரம் என்ன கணக்குப் போடுகிறது என்று பார்ப்போம். குழந்தை உள்ளவருக்கும் உடல்நலத்தால் வேலைத்திறன் குறைந்தவருக்கும் மட்டும், சம்பளத்தில் ஒரு பகுதி கணக்கில் சேர்க்கப்படாமல் விடப்படுகிறது. வாடகை உதவியும் பெறுபவருக்கு அது மாதம் 411 பவுண்டு. அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவி குறையும். தொடக்கத்தில் இது 65 பென்ஸாக இருந்தது. 2017இல் 63 ஆகி, 2021 இறுதியில் 55க்கு வந்தது. குறைந்தபட்ச ஊதியத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைப்பவர் கையில் தங்குவது 5.49 பவுண்டு. வருமான வரியும் தேசியக் காப்பீடும் கட்டும் அளவுக்குச் சம்பளம் ஏறியவர் என்றால், அவை 28 சதவீதத்தைப் பிடித்த பிறகு மிஞ்சுவதில் 55 சதவீதம் போக, ஒரு மணி நேரத்துக்கு நிற்பது 4 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு.

மாலையில் இரண்டு மணி நேர ஷிப்டுக்கு வரச் சொல்லி அழைப்பு வருகிறது என்று வையுங்கள். வரி கட்டாதவருக்கே கையில் 10.98 பவுண்டு. இங்கிலாந்தில் உள்ளூர்ப் பேருந்தின் ஒருவழிக் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு. போகவர அந்த அளவு கொடுத்தால் மீதம் 4.98. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால், அந்தச் செலவில் 85 சதவீதம் வரை சேவை திருப்பித் தரும். ஆனால் பொதுவாக முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்க வேண்டும். வேலையில் புதிதாகச் சேருவோருக்கும் நேரத்தைக் கூட்டுவோருக்கும் 2023 முதல் முன்பணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடுதல் வேலையை மறுப்பவரைச் சோம்பேறி என்று சொல்லும் நாளிதழ்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை செய்து பார்க்கலாம். ஒரு கோடீஸ்வரரின் வருமான வரி விகிதத்தைவிட இவருடைய கூடுதல் உழைப்பிலிருந்து போகும் பங்கு அதிகம்.

இச்சேவையின் பெரிய குறை இந்த 55 சதவீதக் கழிவன்று, மாதம் என்ற அலகு. வடிவமைத்தவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்களாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். விண்ணப்பித்த தேதியிலிருந்து மாதத்துக்கு ஒரு மதிப்பீட்டுக் காலம். அதற்குள் வந்த சம்பளமெல்லாம் அந்த மாதக் கணக்கு. ஆனால் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடங்குகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் வாரச் சம்பளமும் நான்கு வாரச் சம்பளமும் சர்வ சாதாரணம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 13 சம்பளம். 12 மாதத்துக்குள் 13 சம்பளம் அடங்க வேண்டுமானால் ஏதாவது ஒரு மாதத்தில் இரண்டு விழுந்தே தீரும்.

எட்டு வயதுக் குழந்தையுடன் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்ச ஊதியம், வாரம் 20 மணி நேரம். நான்கு வாரச் சம்பளம் 976.80 பவுண்டு. சில்லறைப் பிடித்தங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், வழக்கமான மாதத்தில் அவருடைய உதவியிலிருந்து 311 பவுண்டு குறையும். இரண்டு சம்பளம் விழும் மாதத்தில் 848 பவுண்டு குறையும். உழைப்பு கூடவில்லை, கூலி கூடவில்லை. நாட்காட்டி மட்டும் புரண்டிருக்கிறது, 537 பவுண்டு இறங்கிவிட்டது. ஆண்டுக் கணக்காகக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது என்று அதிகாரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்கு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அந்த மாதத்தின் உதவி வந்து சேரும். இரட்டைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அடுத்த மாத வாடகைக்கு ஒதுக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஒதுக்க ஏதாவது மிஞ்சியும் இருக்க வேண்டும். சேமிப்பே இல்லாதவருக்கு ஆண்டுச் சராசரி சோறு போடாது.

மாதச் சம்பளக்காரர்களுக்கே இந்தத் தொல்லை வந்தது. மாதக் கடைசி நாள் வார விடுமுறையில் விழுந்தால் முதலாளி முன்கூட்டியே சம்பளம் போட்டுவிடுவார். மதிப்பீட்டுக் காலத்தின் விளிம்பில் சம்பளத் தேதி இருந்தவருக்கு ஒரே காலத்தில் இரண்டு சம்பளம் காட்டும். தனியாகக் குழந்தை வளர்க்கும் நான்கு பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதைச் சரிசெய்ய மறுப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் விதி திருத்தப்பட்டது, மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும். நான்கு வாரச் சம்பளக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

மாதம் என்ற அலகின் இன்னொரு விளைவு முதல் ஐந்து வாரக் காத்திருப்பு. ஒரு மாதம் மதிப்பீடு, அதன்மேல் ஒரு வாரம் பணம் வந்து சேர. மாதச் சம்பள வேலையை இழந்தவரிடம் கடைசிச் சம்பளம் இருக்கும் என்பது எண்ணம். வாரக் கூலியாக இருந்தவரிடம் ஒரு வாரத்துக் காசுதான் இருக்கும். அதற்கு மருந்தாக முன்பணம் தருகிறார்கள். வட்டியில்லாக் கடன்தான், 24 மாதம் வரை தவணையும் உண்டு; ஆனால் உதவியைக் கடனுடன் தொடங்கி வைக்கும் ஏற்பாடு இது. இத்தகைய பிடித்தங்களுக்கான உச்சவரம்பு 2025 ஏப்ரலில், அடிப்படைத் தொகையின் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நல்ல மாற்றம்.

அடுத்தது நிபந்தனைகள். அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப் சென்டரில் உள்ள ‘வொர்க் கோச்’ எனப்படும் அலுவலரைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. அது அமைகிற ஆளைப் பொறுத்தது. விதியைப் பற்றிச் சொல்லலாம். 2024 மே முதல், வாரம் 18 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே சம்பாதிக்கும் தனிநபர், வேலையில் இருந்தாலும், தீவிரமாக வேலை தேட வேண்டியவர் பட்டியலில் வருவார். அந்த எல்லை மாதம் 952 பவுண்டு. மேலே பார்த்த தாய் 976.80 பவுண்டில் அதற்குச் சற்று மேலே நிற்கிறார். மேலாளர் நான்கு மணி நேர ஷிப்ட் ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் 927.96க்கு இறங்கி, எல்லைக்குக் கீழே வந்துவிடுவார். பிறகு சந்திப்புகள், இன்னும் அதிக நேரம் கேட்டதற்கான சான்று, சரியான காரணமின்றித் தவறினால் உதவிக் குறைப்பு. ஷிப்டை எடுத்தவர் மேலாளர், விளக்கம் சொல்ல வேண்டியவர் தொழிலாளி. அந்த மேலாளரிடம் ஏன் 20 மணி நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரவில்லை என்று இச்சேவை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. முதலாளிக்கும் இதற்கும் உள்ள ஒரே தொடர்பு, அவர் அனுப்பும் அந்தச் சம்பள எண்தான்.

உணவு விநியோகம் செய்வோர் போன்ற சுயதொழில் கணக்கில் வருபவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். முதல் ஓராண்டு சலுகைக்குப் பிறகு, முழுநேரம் உழைக்க வேண்டியவராகக் கருதப்படுபவர் வாரம் 35 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்தைச் சம்பாதித்ததாகவே வைத்துக் கணக்குப் போடப்படும், ஆர்டர் வந்ததோ இல்லையோ. குறைந்தபட்ச ஊதியத்தை அவருக்கு யாரும் உறுதி செய்யவில்லை. டெலிவரூ ஓட்டுநர்கள் சங்கத்தின் மூலம் கூட்டுப் பேரம் நடத்தும் சட்ட உரிமை பெற்றவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் சொல்லிவிட்டது. ஊபர் ஓட்டுநர்களுக்கு 2021இல் தொழிலாளர் தகுதி கிடைத்தது. வேலையின் வகைப்பாடு ஒரு குடும்பத்தின் வருமானத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரண்டு தீர்ப்புகளே போதும்.

இந்தச் சேவையின் உண்மையான வாடிக்கையாளர் யார் என்ற ஐயம் எழுவதைத் தவிர்க்க முடியாது. 1795 மே மாதம், பெர்க்‌ஷயரில் ஸ்பீனம்லாண்ட் என்ற இடத்து விடுதியொன்றில் கூடிய நீதிபதிகள், ரொட்டி விலைக்கேற்ப ஏழைத் தொழிலாளரின் கூலியை ஊர் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்ட முடிவு செய்தார்கள். ‘காலன் ரொட்டி’ எனப்படும் பெரிய ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், உழைக்கும் ஆணுக்கு வாரம் மூன்று ஷில்லிங் வருமானம் இருக்க வேண்டும். கூலியை உயர்த்தச் சட்டம் போடலாம் என்ற யோசனை அன்றும் இருந்தது. எளிதான வழியை எடுத்தார்கள். பண்ணையார்கள் இதைப் பார்த்துக் கூலியைக் குறைத்தார்கள் என்பது பின்னாளில் எழுந்த குற்றச்சாட்டு. எந்த அளவுக்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. இன்று குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருப்பதால் மணிக்கூலியை அப்படிக் குறைக்க முடியாது. மணி நேரத்தைக் குறைக்கலாம். வியாபாரம் மந்தமான வாரத்தின் இழப்பைத் தொழிலாளியிடம் தள்ளிவிட்டு, அதில் பாதியை அரசு ஏற்கும் என்று நிம்மதியாக இருக்கலாம். 55 சதவீதக் கழிவு இறங்கும்போதும் வேலை செய்யும்: சம்பளம் ஒரு பவுண்டு குறைந்தால் உதவி 55 பென்ஸ் கூடும். குடும்பத்துக்கு அது உயிர்நாடி. நிறுவனத்துக்கு அது கேட்காமல் கிடைத்த காப்பீடு, அதற்குத் தவணைகூடக் கட்ட வேண்டியதில்லை.

இதே தேவைக்கு மற்ற பணக்கார நாடுகளில் உள்ள சேவைகளுடன் ஒப்பிட்டால் யூனிவர்சல் கிரெடிட் கடைசியில் நிற்காது. அமெரிக்காவில் 1975 முதல் உள்ள உழைப்பு வருமான வரிச்சலுகை, ஆண்டுக்கு ஒருமுறை வரிக்கணக்குடன் மொத்தமாக வருகிறது. பிப்ரவரி நடுவுக்கு முன் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அதுவரை கடன் அட்டைதான். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கும் நாட்டில், அந்தச் சலுகையின் மேல் விழும் சுமை எவ்வளவு என்பதை ஊகிக்கலாம். ஜெர்மனி 2005 சீர்திருத்தங்களுக்குப் பிறகு, கூலி போதாதவர்களுக்கு அரசு உதவியால் மேல்நிரப்பியது. சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியம் 2015இல்தான் வந்தது. டென்மார்க்கில் இன்றும் அப்படி ஒரு சட்டமே கிடையாது. தொழிலாளரில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு உள்ளடக்கும், தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்கள் கூலியையும் வேலை நேரத்தையும் பேசி முடித்துவிடுகின்றன. உழைப்பவருக்கு மேல்நிரப்பும் இத்தகைய சேவையின் தேவை அங்கே குறைவு. என் மதிப்பீட்டில் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு ஐந்தில் மூன்று. இழந்த இரண்டில் ஒன்று மாதக் கணக்குக்காக. அதை அரசு நினைத்தால் திருத்திவிடலாம். மற்றொன்று தொழிற்சந்தையின் குறையைத் தொழிலாளியின் குறையாக நடத்துவதற்காக; அதற்குக் கணினியில் திருத்தம் போதாது.

பயன்படுத்த நினைப்போருக்குச் சில குறிப்புகள். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் தகுதியில்லை. 6,000க்கு மேல் இருந்தாலே தொகை குறையத் தொடங்கும். வேலை விசாவில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் வரை இச்சேவை தடை செய்யப்பட்டிருக்கிறது. தெரியாமல் விண்ணப்பித்தாலும் விசா நிபந்தனை மீறலாகலாம். பராமரிப்புத் துறைக்கு வந்த நம்மவர்கள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதால், ஷிப்ட் குறைந்தால் அவர்களுக்கு 55 பென்ஸும் கிடையாது. வட அயர்லாந்தில் பணம் மாதம் இருமுறையாகவே வருகிறது, ஸ்காட்லாந்தில் அப்படிக் கேட்டுப் பெறலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிரமத்தை விளக்கி ஜர்னலில் எழுதிக் கேட்க வேண்டும், கொடுப்பது அவர்கள் முடிவு. விண்ணப்பத் தேதியே மதிப்பீட்டுக் காலத்தின் தொடக்கம் என்பதால், மாதச் சம்பளக்காரர் தன் சம்பளத் தேதி அந்தக் காலத்தின் விளிம்பில் விழாதபடி ஓரிரு நாள் முன்பின்னாகப் பார்த்து விண்ணப்பிப்பது நல்லது. நான்கு வாரச் சம்பளக்காரர் எந்தத் தேதியில் விண்ணப்பித்தாலும் இரட்டைச் சம்பள மாதம் வரும். அது எந்த மாதம் என்பதைச் சம்பளத் தேதிகளை எழுதிப் பார்த்து முன்கூட்டியே கண்டுபிடித்து, வீட்டு உரிமையாளரிடம் சொல்லி வைக்கலாம்.